மலைநாட்டு மகளிரின் குரல்: மீனாட்சி அம்மாள்

கண்டி மாநகரின் ஏரிக்கரையில் மாலை வேளையில் உலவுவோர், சூழ நிற்கும் குன்றுகளின் எழிலில் உள்ளம் பறிகொடுப்பர். கலஹா வழியே தெல்தோட்டைக்கு மேலேறினாலோ, அவ்வெழிலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் லயன் வரிசைகள் கண்ணிற் படும். என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, முகவரியில் தோட்டத்தின் பெயரை விடுத்துக் கண்டி என்று மட்டுமே எழுதுவாள். தோட்டத்தைச் சொன்னால் லயத்தைக் கேட்பார்கள். லயத்தைச் சொன்னால் சாதியைக் கேட்பார்கள் என்பது அவள் அச்சம். அவளை எண்ணுந்தோறும் மீனாட்சி அம்மாளின் நினைவே எனக்கு எழுகின்றது.

தஞ்சைத் தரணியிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். பிறர் நுழையவொண்ணாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு சென்றவர் நடேசய்யர் என்பர். 1931இல் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவரும், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவரும் அவரே. ஆயினும் அம்மாளைக் கணவரின் நிழலென்று கொள்வது தவறு. தேசபக்தன் பத்திரிகையின் பணியிலே தோள்கொடுத்து, பெண்களின் நிலைபற்றித் தம் பேனாவால் எழுதியவர் அவர்.

அக்காலத் தோட்டப் பெண்ணின் நிலை யாது? தொழிலாளரிற் பெரும்பாலோர், தமிழகத்திலே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகங்களிலிருந்து வந்தோர். கடல் கடந்தும் சாதி கூடவே வந்தது. கங்காணியின் அதிகாரத்திலும் கோயிற் திருவிழாவிலும் அது வீற்றிருந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் பெண். மேற்பார்வை செய்தவன் ஆண். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியையே வகுத்தது. துரை, கங்காணி, கணவன், சாதி என்னும் நான்கு பாரங்களையும் ஒருங்கே சுமந்தவள் அவள்.

எழுத்தறியாத இம்மக்களிடம் பத்திரிகை மட்டும் எவ்வாறு சென்றடையும்? ஆதலின் அம்மாள் பாட்டைக் கைக்கொண்டார். கூட்டங்களிலே பாரதியின் பாடல்களையும், தாமே புனைந்த எளிய பாடல்களையும் இசைத்தார். மேடையேறிப் பெண்ணொருத்தி பாடுவதே புதுமையாயிருந்த நாளில், அது லயத்துப் பெண்களுக்கு எத்துணை ஊக்கமளித்திருக்கும்!

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலி பெற்றுவந்த இந்தியரை வேலைநீக்க அமைச்சர்கள் முடிவுசெய்தனர். அதற்கு மறுமொழியாகவே, இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. 1947இல் நடேசய்யர் மறைந்தார். மறுவருடமே வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது.

பின்னர்க் கிராமங்கள் முன்னேறின. பாதைகளும் கிணறுகளும் வந்தன. தோட்டமோ கிராமமெனக் கொள்ளப்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இலேதான் கிடைத்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைகள் தோட்டங்களுக்குப் பணியாற்றத் தடையாயிருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்தினும் கூட்டங்களிலே யார் பேசுகின்றனர், யார் வாய்மூடி நிற்கின்றனர் என்பதை இன்றும் நாம் காணவேண்டும். திட்டம் வகுக்கும் சபையிலே லயத்துப் பெண்ணுக்கு இருக்கையில்லையேல், அவள் பெயரால் வரும் நன்மை வேறெவர் வாசலிலோ இறங்கிவிடும்.

மீனாட்சி அம்மாள் பெரும் பதவி எதையும் வகிக்கவில்லை. கேட்போர் இல்லாதிருந்த மக்களிடம் சென்று, அவர்கள் துயரத்தை அவர்கள் மொழியிலேயே பாடினார். தோட்டத்தின் பெயரைத் தலைநிமிர்ந்து எழுதும் துணிவு என் மாணவிக்கு வரும் நாளே, அப்பாடல்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.