திசைச்சொல் திரட்டிய நூற்பாலைச் சிறுவன்

ஆங்கிலம் எங்கும் ஒரே முகமுடைய மொழி என்று தொலைவிலிருந்து நோக்குவோர் எண்ணுவதுண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்களில் நடந்து பார்த்தவர் அவ்வாறு கூறார். சிற்றோடையைத் தென்னாட்டார் 'புரூக்' என்பர். யார்க்‌ஷயர் மக்களுக்கு அது 'பெக்'. நார்தம்பர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் 'பர்ன்'. நூல்களில் பட்டினியைக் குறிக்கும் 'ஸ்டார்வ்' என்னும் சொல்லை வடபுலத்தார் குளிரில் விறைப்பதற்கு வழங்கினர். இத்தகைய திசைச்சொற்களை ஆறு பெருந்தொகுதிகளில் அடைத்துத் தந்தவர் ஜோசப் ரைட். பதினைந்து வயதுவரை எழுத்தறியாதிருந்தவர் அவர்.

1855ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு நகரை அடுத்த தாக்லி என்னும் ஊரில் ரைட் பிறந்தார். தந்தையார் கம்பளி நெசவும் கல்லுடைக்கும் தொழிலும் செய்தவர். மகனுக்கு ஆறு வயதானபோதே கல்குவாரியில் வேலை கிடைத்தது. தொழிலாளரின் கருவிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லுலைக்குக் கொண்டுபோவதே அவ்வேலை. ஏழாம் வயதில் டைட்டஸ் சால்ட் நிறுவிய சால்ட்டேர் நூற்பாலையில், நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெற்றுப் பாபின்களைச் செருகும் சிறுவனானார். அரைநாள் ஆலை, அரைநாள் ஆலைப்பள்ளி என்பது ஏற்பாடு. அப்பள்ளியில் அவர் கற்றது மிகச் சொற்பமே. பின்னர் வேறோர் ஆலையில் கம்பளி தரம்பிரிப்பவரானார்.

1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டன. உடன்வேலை செய்தவர் ஒருவர் நாளிதழிலிருந்து போர்ச்செய்திகளைப் படித்துக் காட்டுவார். தாமே படித்தறிய வேண்டும் என்னும் வேட்கை அன்று மூண்டது. விவிலியத்தையும் பனியனின் மோட்சப் பிரயாணத்தையும் வைத்துக்கொண்டு தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். சில ஆண்டுகளில் தாயாரின் குடிசையிலேயே இராப்பள்ளி ஒன்று தொடங்கி, வாரம் இரண்டு பென்ஸ் பெற்றுப் பிறருக்குக் கற்பித்தார். 1876இல் நாற்பது பவுன் சேமிப்புடன் ஜெர்மனி புறப்பட்டவர், ஆண்ட்வெர்ப்பில் இறங்கி, வழிச்செலவை மிச்சப்படுத்த ஹைடல்பெர்க் வரை நடந்தே சென்றார். அப்பல்கலைக்கழகமே 1885இல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

1888இல் ஆக்ஸ்போர்டு வந்தார். நம் நாட்டார் நன்கறிந்த மாக்ஸ்முல்லருக்குத் துணையாக இருந்து, அவர் மறைந்தபின் 1901இல் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். பதவியைக் காட்டிலும் அவருடைய வாழ்வை நிறைத்தது அகராதியே. 1873இல் ஸ்கீட் தோற்றுவித்த ஆங்கில வட்டார வழக்குக் கழகம் பல்லாண்டுகள் ஊரூராகச் சொல் திரட்டிவந்தது. அச்சொற்சீட்டுகள் ரைட்டிடம் வந்தபோது அவற்றின் எடை ஏறத்தாழ ஒரு டன். அது போதாதென்று கருதியவர் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு மேலும் திரட்டினார். வெளியிடும் பொருட்பொறுப்பையும் தாமே ஏற்றார். ஆலைக்கூலியில் வளர்ந்த ஒருவர் சந்தாதாரர்களை நம்பி இவ்வளவு பெரிய கடனில் இறங்கியது துணிவா பித்தா என்று அன்று ஐயுற்றோரைக் குறைசொல்ல முடியாது. முதல் தொகுதி 1898இலும் ஆறாம் தொகுதி 1905இலும் வெளிவந்தன.

அவ்வகராதியைப் புரட்டினால் உழைப்போரின் வாழ்வே விரியும். 'லேக்' என்பது வடபுலத்தில் விளையாடுதல். ஆலை மூடப்பட்டு வேலையின்றி இருப்பதற்கும் அதுவே சொல். நூலோர் மொழியில் முட்டை கெட்டுப்போவதைச் சொல்லும் 'ஆடில்', யார்க்‌ஷயர்த் தொழிலாளிக்குக் கூலி ஈட்டுதல். இவற்றைச் சிதைந்த ஆங்கிலம் என்று எள்ளியவர் பலர். இவ்விரண்டும் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் மொழியிலிருந்து வந்த தொன்மையான சொற்கள் என்பதை மொழிநூல் வழியே காட்ட முடிந்தது. தாம் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுக்கு 1892இலேயே தனி இலக்கணம் எழுதியிருந்தார் ரைட். தமது யார்க்‌ஷயர் ஒலிப்பைப் பேராசிரியரான பின்னரும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆயினும் ஒரு முரண் அவரைத் தொடர்ந்தது. இளமையில் அவருக்குக் கிட்டாத பள்ளிக்கல்வி, 1870ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஊர்தோறும் பரவியது. கல்வியும் இருப்புப்பாதையும் பரவப் பரவ ஊர்ப்பேச்சு தேய்ந்துவருவதை அவர் கண்கூடாகக் கண்டார். அதற்காகப் பள்ளிகளை வெறுத்தவரல்லர். இராப்பள்ளி நடத்தியவர் எங்ஙனம் வெறுப்பார்? சொல்லறிந்த முதியோர் மறையுமுன் எழுதி முடிக்க வேண்டும் என்னும் விரைவே அவரிடம் மிகுந்திருந்தது.

1896இல் அவர் மணந்த எலிசபெத் மேரி லீ, அகராதிப் பணியிலும் இலக்கண நூல்களிலும் இணையாக உழைத்தவர். ஆக்ஸ்போர்டில் கட்டிய இல்லத்துக்குத் தாக்லி என்று பிறந்த ஊரின் பெயரையே இட்டனர். அவ்வில்லத்தில் வளர்ந்திருக்க வேண்டிய மக்கள் இருவரும் சிறுவயதிலேயே இறந்தனர். மாணவர்களிடம் தம்பதியர் காட்டிய பரிவு பெரிது. அம்மாணவருள் டோல்கீனும் ஒருவர்.

1930 பிப்ரவரி 27இல் ரைட் காலமானார். அவரிடம் பயின்ற ஹரால்டு ஆர்டன், பின்னாளில் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கள ஆய்வாளர்களை அனுப்பினார். 1950 முதல் 1961 வரை அவர்கள் 313 ஊர்களுக்குச் சென்று, முதியோரின் அருகமர்ந்து, இன்ன பொருளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிவந்தனர்.