மூன்று மூங்கிலில் பறந்த தோட்டத்துப் பிள்ளை

பிரேசில் நாட்டின் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர் அல்பெர்ட்டோ சந்தோஸ் டுமோன். 1873 ஜூலை 20ஆம் தேதி பிறந்த அவர், தொழிலாளி வீட்டுப் பிள்ளை அல்லர். தோட்ட முதலாளியின் மகன். ஆனாலும் சிறுவனின் விளையாட்டுக் களம் காப்பிக்கொட்டை ஆலைதான். முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள் அடிக்கடி பழுதாவதையும், சுழலும் இயந்திரங்கள் நின்று உழைப்பதையும் அங்கே கவனித்தார்.

பின்னர் பாரிஸ் சென்றார். 1898இல் மெல்லிய ஜப்பானியப் பட்டில் மிகச் சிறிய பலூன் ஒன்றைச் செய்யச் சொன்னார். பட்டு தாங்காது என்று செய்பவர்கள் தயங்கினர். அது தாங்கியது. தேவையற்ற எடையை நீக்குவதே அவருடைய பொறியியல் ஆனது.

1901 அக்டோபர் 19ஆம் தேதி தம் ஆறாவது வான்கப்பலில் ஐஃபில் கோபுரத்தைச் சுற்றி வந்து பெரும்பரிசை வென்றார். பரிசுப் பணத்தைத் தம் தொழிலாளர்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார்.

பறக்கும்போது இரு கைகளுக்கும் வேலை இருக்கும். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியாது. இந்தக் குறையை நண்பர் லூயி கார்ட்டியேவிடம் சொன்னார். அவருக்காகக் கார்ட்டியே வடிவமைத்த கைக்கடிகாரம் இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது.

1906இல் பாரிஸ் மக்கள் முன்னிலையில் இயந்திர விமானத்தை ஓட்டிக் காட்டினார். ஆனால், அவர் கலைநயம் முழுமை பெற்றது 'டெமாசெல்' எனும் குட்டி விமானத்தில். தும்பியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. உடற்பகுதிக்கு மூன்று மூங்கில் கழிகள். மேலே துணி போர்த்திய இறக்கைகள். எடை ஏறக்குறைய 110 கிலோ. இறக்கையை வளைக்கும் நெம்புகோல் ஓட்டுநரின் கோட்டு முதுகில் தைத்த பையில் செருகியிருக்கும். உடலைச் சாய்த்தால் விமானமும் பணியும்.

அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடங்களை வெளியிட அனுமதித்தார். பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் அரங்குக்குப் பெயர் தந்த ரோலான் கேரோஸ் என்ற விமானியும் டெமாசெலில்தான் பறக்கப் பழகினார்.

1910இல் நோய் அவரைப் பறப்பதிலிருந்து விலக்கியது. விமானம் குண்டு வீசும் கருவியாவதைக் கண்டு மனம் நொந்தவர், அதைப் போரில் தடை செய்யுமாறு 1926இல் உலக நாடுகள் சங்கத்திடம் வேண்டினார். பலனில்லை.

1932இல் பிரேசிலிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. விமானங்கள் சொந்த மக்கள் மீதே ஏவப்பட்டன. அந்த ஜூலை 23ஆம் தேதி, 59ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ரியோ டி ஜெனிரோவின் கடலோர விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.