எல்இடி ஒளியை 1920-களிலேயே புரிந்துகொண்டவர்: பட்டினியால் உயிரிழந்த ஓலெக் லோசெவ் யார்?

செல்போன் டார்ச், டிவி ரிமோட், டிராஃபிக் சிக்னல், வீட்டு பல்பு, ஃபைபர் இன்டர்நெட்... இது எல்லாத்துக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு இருக்கு. கரண்ட் கொடுத்தால் ஒளிரும் ஒரு துளி செமிகண்டக்டர். எல்இடியும் லேசர் டையோடும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

அந்த ஒளி ஏன் வருகிறது என்று 1920-களிலேயே அளந்து, எழுதி, அதற்கு காப்புரிமையும் வாங்கினார் ஒரு ரஷ்ய இளைஞர். அப்போது அவர் கையில் கல்லூரிப் பட்டம் கூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி உலகுக்கு அறிமுகமானது, அவர் இறந்து 20 ஆண்டுகள் கழித்துத்தான். யார் இந்த ஓலெக் லோசெவ்? விரிவாகப் பார்க்கலாம்.

ரேடியோ மீது தீராத ஆசை

ரஷ்யாவின் ட்வெர் நகரில் 1903 மே 10-ம் தேதி பிறந்தவர் லோசெவ். அப்பா, ஜார் மன்னரின் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் படிக்கும்போதே லோசெவுக்கு ரேடியோ மீது பயங்கர ஈடுபாடு. ஊரில் இருந்த ரேடியோ நிலையத்துக்கு அடிக்கடி போய் வந்தார். அங்கிருந்த பொறியாளர்களுடன் பழக்கம் ஏற்பட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1920-ல் அவர்களைத் தேடி நிஷ்னி நோவ்கோரோத் ரேடியோ ஆய்வகத்துக்குப் போனார். அன்றைய சோவியத் ரஷ்யாவில் ரேடியோ ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம் அது. அவருக்குக் கிடைத்தது என்னவோ கீழ்மட்ட வேலைதான். கல்லூரிப் படிப்பும் கைகூடவில்லை. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் ஜார் ராணுவ அதிகாரியின் மகன் என்ற அடையாளமே அவருக்குத் தடையாக இருந்தது என்று சொல்லப்படுகிறது.

வால்வே இல்லாத ரேடியோ

அந்தக் கால எளிய ரேடியோவில் ஒரு சின்ன படிகக் கல் இருக்கும். அதை ஒரு மெல்லிய கம்பி தொட்டுக்கொண்டிருக்கும். காற்றில் வரும் ரேடியோ அலையைப் பிடிப்பது இந்த ஜோடியின் வேலை. இந்த வகைக் கருவிக்கு 1904-லேயே அமெரிக்க காப்புரிமை பெற்றவர் நம்ம ஜகதீஷ் சந்திர போஸ்.

ஆனா ஒரு சிக்கல். படிகத்தால் சிக்னலைப் பிடிக்க முடியும், பெரிதாக்க முடியாது. அதற்குக் கண்ணாடிக் குடுவை போன்ற வால்வு வேண்டும். அது விலையும் அதிகம், மின்சாரமும் நிறைய தின்னும்.

1922-ல், இருபது வயது கூட ஆகாத லோசெவ் இந்தப் படிகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிங்கைட் என்ற துத்தநாகக் கனிமத்தில் ஒரு விநோதம் தெரிந்தது. வழக்கமா மின்னழுத்தத்தைக் கூட்டினால் கரண்ட் கூடும். ஆனால், இதில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் கரண்ட் குறைந்தது. இந்தக் குணத்தை வைத்து சிக்னலைப் பெரிதாக்க முடியும் என்று அவர் காட்டினார். வால்வே இல்லாத ரேடியோக்களையும் செய்தார். டிரான்சிஸ்டர் வர இன்னும் 25 வருஷம் இருந்த காலம் அது!

1924-ல் அமெரிக்காவின் ரேடியோ நியூஸ் இதழ் இதைப் பெரிய செய்தியாக வெளியிட்டது. ஆனால் சிங்கைட் எளிதில் கிடைக்கவில்லை. கம்பியைக் கல்லில் எந்தப் புள்ளியில் வைத்தால் வேலை செய்யும் என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் வால்வுகள் வேகமாக மேம்பட்டன. லோசெவின் ரேடியோ ஓரங்கட்டப்பட்டது.

சூடே இல்லாத ஒளி

இதே ஆய்வுகளில்தான் இன்னொன்றையும் அவர் கவனித்தார். கார்போரண்டம், அதாவது சாணைக்கல்லில் பயன்படும் சிலிக்கன் கார்பைடு. அதில் கம்பியை வைத்து கரண்ட் செலுத்தியபோது, தொடும் இடத்தில் மங்கலாக ஒரு ஒளி.

இதை முதலில் பார்த்தவர் லோசெவ் அல்ல. பிரிட்டிஷ் பொறியாளர் ஹென்றி ரவுண்ட் 1907-லேயே பார்த்து, சின்ன குறிப்பாக எழுதியிருந்தார். லோசெவ் அதோடு நிற்கவில்லை. இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை விடாமல் துரத்தினார்.

சாதாரண குண்டு பல்பில் கம்பி பழுக்கச் சூடாகி ஒளி தருகிறது. அப்போ இந்தக் கல்லும் சூட்டால்தான் ஒளிர்கிறதா? சோதிக்க அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. பெட்ரோல் மாதிரி சட்டென ஆவியாகும் பென்சின் திரவத்தில் ஒரு துளியை ஒளிரும் இடத்தில் விட்டார். இடம் சூடாக இருந்தால் துளி உடனே பறந்துவிட வேண்டும். ஆனால் அது வழக்கமான வேகத்தில்தான் ஆவியானது. ஆக, இது சூட்டில் பிறக்கும் ஒளி இல்லை என்று உறுதியானது.

அப்படின்னா இது என்ன? ஒளி பட்டால் சில பொருட்களில் இருந்து எலக்ட்ரான் வெளியேறும் என்பதை விளக்கியவர் ஐன்ஸ்டீன். லோசெவ் அதைத் தலைகீழாக யோசித்தார். ஒளி கொடுத்து மின்சாரம் எடுக்கலாம் என்றால், மின்சாரம் கொடுத்து ஒளியும் எடுக்கலாமே! இன்றைய லைட் சென்சாரும் எல்இடியும் இப்படி எதிரெதிர் திசையில் வேலை செய்பவைதான். இதுபற்றி அவர் ஐன்ஸ்டீனுக்கே கடிதம் எழுதினார், பதில் வரவில்லை என்ற தகவலும் உண்டு.

1927-ல் ரஷ்ய மொழியிலும், 1928-ல் பிரிட்டனின் ஃபிலாசஃபிக்கல் மேகசின் இதழிலும் அவரது கட்டுரைகள் வெளியாகின. 1927-ல் ஒளி ரிலே என்ற கருவிக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இந்த ஒளியை மிக வேகமாக அணைத்து எரிய வைக்கலாம், அதை வைத்துத் தகவல் அனுப்பலாம் என்பதே அதன் அடிப்படை. இன்று ஃபைபர் கேபிளில் லேசர் டையோடு செய்வதும் இதே வேலைதான்.

உலகம் ஏன் கவனிக்கவில்லை?

முதல் காரணம், அந்த ஒளி ரொம்ப மங்கல். பல்புக்குப் போட்டியாக யாரும் அதை நினைக்கவில்லை. இரண்டாவது, சுத்தமான படிகம் செய்யும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. மூன்றாவது, செமிகண்டக்டருக்குள் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்கிறது என்ற கோட்பாடே 1930-களில்தான் உருவாகத் தொடங்கியது. லோசெவின் கையில் விடை இருந்தது. ஆனால் அதைப் பொருத்திப் பார்க்கத் தேவையான அறிவியல் இன்னும் பிறக்கவில்லை.

லெனின்கிராட்: கடைசி குளிர்காலம்

1928-ல் ஆய்வகம் லெனின்கிராடுக்கு மாற்றப்பட, லோசெவும் அங்கே போனார். ஒளி பட்டால் மின்சாரம் தரும் பொருட்கள் பற்றி ஆராய்ந்தார். 1937-ல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார். அதுவரை செய்த ஆய்வுகளை மட்டுமே மதிப்பிட்டு, ஆய்வேடு இல்லாமலேயே 1938-ல் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் தரப்பட்டது. வழங்கியது லெனின்கிராடின் இயோஃபே இயற்பியல் நிறுவனம்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடைச் சுற்றி வளைத்தன. உணவு வரும் வழிகள் அடைபட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில், மக்களில் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி மட்டுமே. லட்சக்கணக்கானோர் பசியால் இறந்தனர். 1942 ஜனவரி 22 அன்று லோசெவும் அவர்களில் ஒருவரானார். வயது 38.

அதன் பிறகு என்ன ஆனது?

1951-ல் கர்ட் லெஹோவெக் குழு அமெரிக்காவில் சிலிக்கன் கார்பைடு ஒளிக்கு நவீன விளக்கம் தந்தது. 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் ஹால் செமிகண்டக்டர் லேசரையும், நிக் ஹோலோனியாக் சிவப்பு ஒளியையும் உருவாக்கினர். நீல எல்இடிக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லோசெவின் பெயர் மீண்டும் பேசப்பட்டது 1970-களில்தான். எல்இடியின் வரலாற்றைத் தோண்டிய எகான் லோப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அவருக்கு உரிய இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு விஷயமும் இருக்கு. சாதாரண அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் செமிகண்டக்டர் லேசரை 1970-ல் உருவாக்கி, 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஜோரெஸ் அல்ஃபெரோவ். அவர் வேலை பார்த்தது அதே லெனின்கிராடில், லோசெவுக்குப் பட்டம் கொடுத்த அதே இயோஃபே நிறுவனத்தில். அந்த லேசர் அங்கே ஒளிர்ந்தபோது லோசெவ் உயிரோடு இருந்திருந்தால், அவருக்கு வயது 67 தான்.