திருக்கோவலூருக்கு வந்த குறிப்பேடு

பெண்ணையாற்றங்கரையில் அமைந்த திருக்கோவலூர் தமிழ் நெஞ்சங்களுக்குப் புதிய ஊரன்று. பாரி மகளிரின் நல்வாழ்வுக்காக அலைந்த கபிலர் தம் இன்னுயிரை நீத்த இடமென வழங்கும் குன்று அங்கேதான் நிற்கிறது. முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் இடைகழியில் நெருக்குண்டு நின்றதாக வைணவ மரபு போற்றும் தலமும் அதுவே. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1910ஆம் ஆண்டில் 22 வயது இளைஞர் ஒருவர் அங்கு வேலை தேடி வந்தார். அவரிடம் பட்டமில்லை, செல்வமில்லை, கணிதக் குறிப்பேடு ஒன்றே இருந்தது. அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்த இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தார்; தாய் கோமளத்தம்மாள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் அப்படித்தானா என்று சிறுவன் இராமானுஜன் வினவியதாகச் சொல்வர். விடையைப் பெற்றுக்கொண்டு அமைதியுறும் உள்ளங்கள் பல. விடைக்குள்ளேயே அடுத்த வினாவைக் காணும் உள்ளங்கள் சிலவே. இராமானுஜனின் உள்ளம் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. தேர்வெழுதும் மாணவர்க்காக ஆக்கப்பட்ட அந்நூலில் ஏறத்தாழ 5,000 முடிபுகள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை. பிறருக்குக் குறையாகத் தோன்றியிருக்கக்கூடிய இதுவே இராமானுஜனுக்கு அழைப்பாயிற்று. ஒவ்வொரு முடிபுக்கும் வழியைத் தாமே தேடினார். தேடியவழிப் புதிய முடிபுகளைக் கண்டார். தாளின் விலை கட்டுப்படியாகாமையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, கண்ட முடிபை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். நாமகிரித் தாயாரின் அருள் என்றே தம் ஆற்றலை அவர் கருதினார். எனினும், அருளை எதிர்நோக்கி அவர் வாளாவிருந்ததில்லை என்பதற்கு அம்முழங்கையே சான்று.

அவ்வேட்கைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1904இல் பரிசும் உதவித்தொகையும் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாது விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் 1906, 1907ஆம் ஆண்டுகளில் எழுதிய எஃப்.ஏ. தேர்வுகளில் வெற்றி காணவில்லை. 1909இல் ஜானகி அம்மாளை மணந்தபின், குடும்பத்திற்கு வருவாய் தேடும் கடமையும் சேர்ந்தது.

இந்நிலையில்தான் இரயிலேறித் திருக்கோவலூர் வந்தார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். தம் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணி தருமாறு வேண்டி இராமானுஜன் குறிப்பேட்டை நீட்டினார். பக்கங்களைப் புரட்டிய ஐயர் வேலை தர மறுத்தார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் முடக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும் கைவிட்டாரல்லர், சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார். மறுப்பே கொடையாக அமைந்த அரிய நிகழ்ச்சி இது.

அவ்வழியே சென்ற இராமானுஜனுக்கு நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார். 1911இல் கணிதக் கழக இதழில் முதற் கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் அவர் கடிதங்களுக்கு உதவ முன்வராதபோதும் சோர்வுறாது, 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பின்னைய பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. நோய்ப்படுக்கையில் இருந்தபோதும், ஹார்டி வந்த வாடகைக் காரின் எண்ணாகிய 1729, இரு கன எண்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்பதை உடனே கண்டு கூறினார்.

1919இல் தாயகம் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தார், வயது 32. இறுதி ஆண்டிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அத்தாள்களை 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அவற்றிலுள்ள கருத்துகள் இன்று கருந்துளை பற்றிய ஆய்வுக்கும் துணைபுரிகின்றன.

தமிழ் கற்பிக்கும் நான் கணிதமேதையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் குறிஞ்சிப்பாட்டு நடத்துகையில், கல்வராயன் மலையிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி எழுந்தாள். கபிலர் அடுக்கிய 99 பூக்களுள் எவையெவை தன் மலையில் பூக்கின்றன என்று கேட்டாள். அது தேர்வுக்கு வராது என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். மறுவாரம் அவள் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். உலர்ந்த பூக்களை ஒட்டி, மலைமக்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் எழுதியிருந்தாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அப்பெயர்களுள் பல தெரியவில்லை. அன்று அவளருகே மாணவியாக அமர்ந்தேன்.

கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் அம்மலையிலிருந்து இன்னும் எத்தனை குறிப்பேடுகள் இறங்கி வருமோ, யாரறிவார்? பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கதவை அவற்றுள் ஒன்று தட்டும்போது, அதனைத் திறந்து பார்க்கும் இராமசாமி ஐயராக நாம் இருத்தல் வேண்டும்.