ஊரைக் கட்டிய சுருக்கெழுத்தாளர்

கையில் காசில்லை, பட்டப் படிப்பில்லை, கட்டடக் கலையும் பயின்றவரல்லர். பிறர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். அப்படிப்பட்ட ஒருவர் இரண்டு நகரங்கள் எழக் காரணமாக இருந்தார் என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும். அவர் பெயர் எபனேசர் ஹோவர்டு.

1850-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் மிட்டாய்க் கடைக்காரர். பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. குமாஸ்தா வேலை வந்து சேர்ந்தது. மாலை நேரங்களில் சுருக்கெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டார்.

இருபத்தொரு வயதில் இரண்டு நண்பர்களோடு அமெரிக்கா சென்றார். நெப்ராஸ்காவில் 160 ஏக்கர் நிலத்தில் விவசாயம் செய்து பார்த்தார். மண் அவருக்கு வசப்படவில்லை. பிறகு சிகாகோ நகரில் சுருக்கெழுத்தாளரானார். 1871-ம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்த அந்நகரம் மறுபடி எழுந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டார். 1876-ல் தாயகம் திரும்பி, பார்லிமெண்ட் பேச்சுக்களையும் கமிட்டி விசாரணைகளையும் எழுதும் வேலையில் அமர்ந்தார்.

மனத்தில் எழுந்த நகரம்

அக்காலத்து லண்டனில் ஏழைகள் ஒண்டுக் குடித்தனத்தில் மூச்சுத் திணறினார்கள். கிராமங்களிலோ வேலையில்லை, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இதைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதையெல்லாம் ஹோவர்டு எழுதி எழுதிக் கை சலித்தார். பேச்சு வளர்ந்ததே தவிரக் காரியம் நடக்கவில்லை.

1898-ல் ஒரு நண்பர் கொடுத்த 50 பவுன் உதவியால் சிறிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். நகரத்தின் வேலை வாய்ப்பும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். 6,000 ஏக்கர் நிலம் வாங்கி, அதில் 1,000 ஏக்கரில் மட்டும் வீடுகளும் தொழிற்சாலைகளும் அமைக்க வேண்டும். மற்றது வயலாகவே நிற்க வேண்டும். 32,000 பேருக்கு மேல் குடியேறக் கூடாது. இதுவே அவருடைய தோட்ட நகரத் திட்டம். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறுமல்லவா? அந்த ஏற்றம் ஒரு தனி மனிதரின் பைக்குள் போகாமல் ஊராருக்கே சேர வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

சங்கம் பிறந்தது

புத்தகம் எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1899-ம் ஆண்டு ஜூன் மாதம் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் கூடித் தோட்ட நகரச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஹோவர்டு ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். குள்ள உருவம், சாதாரண உடை. ஆனால் மேடையேறிவிட்டால் கணீரென்ற குரல் மண்டபம் முழுவதும் கேட்கும்.

தலைவர் பதவி தமக்கே வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. 1901-ல் ரால்ப் நெவில் என்ற பெரிய வக்கீலைத் தேடிப் பிடித்துத் தலைவராக்கினார். தாமஸ் ஆடம்ஸ் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் சங்கத்தின் காரியதரிசியானார். அந்த ஆண்டிலேயே பர்மிங்ஹாம் அருகில், காட்பரி குடும்பத்தார் அமைத்த போர்ன்வில் கிராமத்தில் மாநாடு கூடியது. மறு ஆண்டு போர்ட் சன்லைட்டில் நடந்த மாநாட்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கத்தினர்கள் நேரில் கண்டார்கள், நம்பிக்கை கொண்டார்கள்.

பலன் விரைவில் கிட்டியது. 1903-ல் கம்பெனி பதிவாயிற்று. லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த்தில் 3,818 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அக்டோபர் 9-ந் தேதி, கொட்டும் மழையில் திறப்பு விழா நடந்தது.

பணம் வந்தது, பிடி தளர்ந்தது

ஆனால் பணம் போட்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். காலத்துக்குக் காலம் நிலவாடகையைத் திருத்தி ஊருக்குச் சேர்க்கும் ஹோவர்டின் ஏற்பாடு தொழிற்சாலைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி வழக்கமான 99 ஆண்டுக் குத்தகைக்கு இறங்கி வந்தது. டைரக்டர்களில் ஒருவராக அவர் இருந்தும் அவர் பேச்சு எடுபடவில்லை. 1904-ல், புது ஊரில் குடியேறும் முன்பே, மனைவி எலிசபெத்தும் காலமானார்.

சங்கமும் மெல்ல மாறியது. 1909-ல் நகர அமைப்பையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. தனி நகரங்களை விட்டு, பழைய நகரங்களின் ஓரத்தில் தோட்டப் புறநகர் அமைப்பதில் பலர் நாட்டம் கொண்டார்கள். ஹோவர்டு கோபித்துக்கொண்டு விலகவில்லை. சங்கத்தில் பகைமை வளர்க்கவுமில்லை.

முதல் உலகப் போரின் முடிவில் ஆஸ்பார்ன், பர்டம் முதலிய இளைஞர்கள், சர்க்காரே புதிய நகரங்களை அமைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். ஹோவர்டுக்கு அதில் நம்பிக்கையில்லை. சர்க்காரை எதிர்பார்த்தால் தம் ஆயுள் போதாது என்று கருதினார். 1919 மே மாதம் வெல்வின் அருகே ஒரு பெரிய எஸ்டேட் ஏலத்துக்கு வந்தது. நண்பர்களிடம் முன்பணம் திரட்டிக்கொண்டு ஏலம் கேட்டார். அதுவும் போதாமல் போக, தம் ஏஜெண்டிடமே கடன் வாங்கி ஈடுகட்டினார். மீதித் தொகைக்கு வழி? அவருக்கே தெரியாது!

தங்களைக் கலக்காமல் கிழவர் இப்படிச் செய்துவிட்டாரே என்று நண்பர்கள் திகைத்தார்கள். அது ஒழுங்கான முறை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் யாரும் அவரைக் கைவிடவில்லை. மாற்றுக் கருத்துச் சொன்ன அதே ஆஸ்பார்னும் பர்டமும் தோள் கொடுத்தார்கள். 1920-ல் வெல்வின் தோட்ட நகரக் கம்பெனி உருவாயிற்று. இருபது ஆண்டுகளாகத் தமக்கென்று எதையும் கேளாதவர் மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கைதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

1927-ல் சர் பட்டம் வந்தது. 1928 மே 1-ந் தேதி வெல்வினில் ஹோவர்டு காலமானார். சொத்து என்று பெரிதாக ஒன்றும் வைத்துப் போகவில்லை.

இளைஞர்கள் கேட்டதும் வீண் போகவில்லை. 1946-ல் புதிய நகரங்கள் சட்டம் நிறைவேறி, சர்க்காரே நகரங்களை அமைக்க முன்வந்தது. லெட்ச்வொர்த் நிலத்தை லாபக்காரர்கள் கைப்பற்றப் பார்த்தபோது, 1962-ல் பார்லிமெண்ட் தனிச் சட்டத்தால் அதைக் காத்தது. 1995 முதல் அந்நில வருமானத்தின் மிச்சத்தை ஓர் அறநிறுவனம் ஊராருக்கே செலவிடுகிறது. கம்பெனி கைவிட்ட கொள்கை, சுருக்கெழுத்தாளர் மறைந்து பல்லாண்டு கழித்து, ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது.