கூஃபா நகரத்துத் துணி வணிகர்

நுழையும்முன்

தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது முதல் வாங்கிய கடனைத் திருப்பித் தருவது வரை, அன்றாட வாழ்வின் ஒவ்வொரு செயலிலும் எது முறை, எது முறையன்று என்னும் கேள்வி எழுவதுண்டு. இசுலாமிய மரபில் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடும் கல்வி ஃபிக்ஹ் எனப்படும். அக்கல்விக்கு வடிவம் தந்த முன்னோடிகளுள் ஒருவர் துணிக்கடை வைத்திருந்த வணிகர். அரசு அவரை நீதிபதியாக்க விரும்பியது, அவர் மறுத்தார். அம்மறுப்பு அவரைச் சிறைவரை கொண்டு சென்றது.

ஆற்றங்கரை நகரம்

இன்றைய ஈராக் நாட்டில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ளது கூஃபா. கி.பி. 638ஆம் ஆண்டையொட்டிப் படைவீரர் தங்கும் பாசறையாகத் தோன்றிய அவ்வூர், இரண்டு தலைமுறைக்குள் பெருநகரமாக வளர்ந்தது. அரபுக் குலத்தாரும் பாரசீகத்தாரும் அங்கு அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினர். மொழி வேறு, உணவு வேறு, கொடுக்கல் வாங்கல் முறையும் வேறு. புதிதாக இசுலாத்தைத் தழுவியவர்கள் நாள்தோறும் புதிய ஐயங்களுடன் பள்ளிவாசலுக்கு வந்தனர். பாலைவனத்து ஊர்களில் எழாத கேள்விகள் பல, இந்த ஆற்றங்கரைச் சந்தையில் எழுந்தன.

இந்நகரில் 699ஆம் ஆண்டு, பாரசீக வழிவந்த வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் நுஃமான். தந்தையார் பெயர் சாபித். அபூஹனீபா என்னும் சிறப்புப் பெயராலேயே உலகம் அவரை அறியும். பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்த விலையுயர்ந்த துணியை விற்பது அவர் குடும்பத் தொழில். இளமையில் கடைக்கும் சந்தைக்குமாக அலைந்துகொண்டிருந்த அவரைக் கண்ட ஷஅபீ என்னும் முதிய அறிஞர், அறிஞர் அவைகளுக்கும் சென்று வருமாறு அறிவுறுத்தினார் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஒரு பெண்ணின் கேள்வி

அறிவுத் துறையில் அவர் முதலில் விரும்பியது சமயக் கொள்கை வாதத்தை. இறைவனின் பண்புகள், மனிதனின் விருப்புரிமை முதலியவை பற்றிய வாதம் அக்காலத்து இளைஞர்களைப் பெரிதும் ஈர்த்தது. பஸ்ரா நகருக்குப் பலமுறை சென்று வாதிட்டு, வாதத்தில் வல்லவர் என்று அபூஹனீபா பெயரும் பெற்றார்.

அந்நாளில் ஒரு பெண் அவரிடம் வந்து, முறைப்படி மணவிலக்கு அளிப்பது எப்படி என்று கேட்டாள். அவருக்கு விடை தெரியவில்லை. அருகில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹம்மாது என்னும் ஆசிரியரிடம் அவளை அனுப்பி, கிடைக்கும் விடையைத் தமக்கும் வந்து சொல்லுமாறு வேண்டிக்கொண்டார். அவள் திரும்பி வந்து சொன்னாள். அபூஹனீபா எழுந்து, காலணியை எடுத்துக்கொண்டு ஹம்மாதின் வகுப்பில் போய் அமர்ந்தார் என்பது மரபுச் செய்தி. விண்ணுலகச் செய்திகளை வாதிடத் தெரிந்தவருக்கு, வாசலில் வந்து நின்ற பெண்ணின் குடும்பச் சிக்கலுக்கு வழி சொல்லத் தெரியவில்லை. அவரைச் சுட்டது இதுதான் போலும்.

ஹம்மாதிடம் அவர் பயின்றது பதினெட்டு ஆண்டுகள். பத்தாண்டுகள் கடந்தபோது தனியே வகுப்பு நடத்தலாமே என்ற எண்ணம் தலைதூக்கியது. அவ்வேளையில் ஹம்மாதின் உறவினர் ஒருவர் பஸ்ராவில் இறந்துவிட, ஆசிரியர் தம் இடத்தில் அபூஹனீபாவை அமர்த்திவிட்டுச் சென்றார். இரண்டு மாதங்களில் அறுபது புதிய கேள்விகள் வந்தன. அனைத்திற்கும் விடையளித்து, விடைகளைக் குறித்தும் வைத்தார். ஆசிரியர் திரும்பி வந்து பார்த்தார். நாற்பதை ஏற்றார், இருபதில் மாறுபட்டார். மூன்றில் ஒரு பங்கு தவறு! ஆசிரியர் உயிருடன் உள்ளவரை அவரைவிட்டு விலகுவதில்லை என்று அபூஹனீபா அன்று முடிவு செய்தார். 738ஆம் ஆண்டு ஹம்மாது மறைந்த பின்னரே அவ்விருக்கையில் அமர்ந்தார்.

கடையும் கணக்கும்

ஆசிரியரான பின்பும் அவர் கடையை மூடவில்லை. அரசின் கொடையையோ செல்வர் கொடையையோ நம்பி வாழ வேண்டிய தேவை அவருக்கு நேராமல் காத்தது அக்கடைதான்.

அவருடைய கூட்டாளி ஹஃப்ஸ் என்பவர். ஒருமுறை வெளியூருக்கு விற்பனைக்கு அனுப்பிய துணிகளுள் ஒன்றில் குறை இருந்தது. வாங்குவோரிடம் அதைக் காட்டியே விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஹஃப்ஸ் மறந்துவிட்டார், வாங்கியவர் யாரென்றும் நினைவில்லை. குறையுள்ள துணிக்குரிய தொகை இன்னதெனப் பிரித்தறிய இயலாத நிலையில், அச்சரக்கு முழுவதற்கும் கிடைத்த தொகையை அபூஹனீபா அறம் செய்துவிட்டார்.

மற்றொரு நாள் ஒரு பெண் பட்டுத்துணி ஒன்றை விற்க வந்தாள். அவள் கேட்ட விலை நூறு வெள்ளிக்காசு. துணி அதைவிடப் பெறும் என்றார் அவர். அவள் நூறு நூறாகக் கூட்டிக்கொண்டே போக, நானூற்றுக்கும் அது மேற்பட்டதே என்றார். தன்னைக் கேலி செய்வதாக அவள் எண்ணினாள். விலை மதிப்பவர் ஒருவரை அழைத்துவரச் செய்து, ஐந்நூறு கொடுத்து வாங்கினார். விற்பவளின் அறியாமையை இலாபமாக்கிக்கொள்வது வணிகமாகாது என்பது அவர் கருத்து.

கடையின் வருவாயில் ஒரு பகுதி மாணவர்களுக்குச் சென்றது. தந்தையை இழந்த யாகூப் என்னும் சிறுவன் வகுப்புக்கு வருவான். தாயார் வந்து அவனை இழுத்துச் செல்வார். அவன் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஒருநாள் அந்த அம்மையார் ஆசிரியரிடமே சண்டைக்கு வந்தார். உங்கள் மகன் இங்கே பிஸ்தா எண்ணெய் சேர்த்த ஃபாலூதா உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று அபூஹனீபா விடையிறுத்தாராம். முதியவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டே அம்மையார் திரும்பிப் போனார். அன்றுமுதல் அக்குடும்பத்தின் செலவை ஆசிரியர் ஏற்றார். அந்த ஃபாலூதாவைப் பின்னர்க் காண்போம்.

கேட்டு, வாதிட்டு, எழுதி

அபூஹனீபாவின் வகுப்பில் ஆசிரியர் பேச, மாணவர் எழுதும் வழக்கம் இல்லை. ஒரு கேள்வி முன்வைக்கப்படும். ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைக் காரணத்துடன் கூறுவர். ஆசிரியரையே மறுத்து வாதிடுவர். சில கேள்விகள் நாள்கணக்கில் நீளும். முடிவு எட்டப்பட்ட பின்னரே ஏட்டில் ஏறும்.

விடை தேடும் முறை வரிசைப்பட்டது. முதலில் குர்ஆன், அடுத்து நபிகள் நாயகத்தின் வழிமுறை, அதன்பின் நபித்தோழர்களின் கூற்றுகள். அவற்றிலும் நேரடி விடை இல்லையெனில், தெரிந்த ஒன்றோடு தெரியாததை ஒப்பிட்டு முடிவு காண்பது. இவ்வொப்பீடு கியாஸ் எனப்படும். ஒப்பீடு நெறியாக இருந்தும் முடிவு மக்களை வருத்துவதாக அமைந்தால், வேறு சான்றைக் கொண்டு அதைவிட நன்றான முடிவைத் தேர்ந்துகொள்ளவும் அவர் இடம் தந்தார். நடைபெறாதவற்றைக்கூட நடந்ததாகக் கொண்டு கேள்வி எழுப்புகிறார் என்று சிலர் குறை கூறினர். இடர் வருமுன் அதற்கு ஆயத்தமாவதே அறிவுடைமை என்பது அவர் விளக்கம்.

அவருடைய தீர்ப்புகளில் கடைவீதியின் மணம் இருக்கும். முன்னதாகப் பணம் கொடுத்து, பின்னர்ப் பொருள் பெறும் வணிகத்தைக் காண்க. பொருள் எது, எவ்வகை, எத்தரம், எவ்வளவு, எந்நாளில் தரப்படும் என்பனவெல்லாம் பேசி முடிக்கப்பட வேண்டும் என்றார். சுமந்து செல்லச் செலவு பிடிக்கும் பொருளாயின், எவ்விடத்தில் ஒப்படைப்பது என்பதும் தெளிவாக வேண்டும் என்றார். வண்டிக்கூலி யார் தலையில் விழும் என்று சந்தையில் நடக்கும் சண்டையைக் கண்டவரே இப்படிச் சட்டம் சொல்ல முடியும்.

தனிமனிதர் உரிமையை அவர் பெரிதும் மதித்தார். அறிவு முதிர்ந்த பெண் தன் திருமண ஒப்பந்தத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்றார். பிற இமாம்கள் பலர் இதை ஏற்கவில்லை. வீண்செலவு செய்பவனாயினும், வயது முதிர்ந்த ஒருவனுடைய சொத்துரிமையை நீதிமன்றம் முடக்கலாகாது என்றார். அரபு மொழி நாவில் படியாத புதியவர்கள் தொழுகையில் பாரசீகத்தில் ஓதலாம் என்றும் அவர் கருதினார். பிற்காலத்தில் இக்கருத்தை அவரே மாற்றிக்கொண்டதாகவும் கூறுவர். தம் முடிவின் சான்றை அறியாமல் அதை எவரும் பின்பற்றலாகாது என்று அவர் சொல்லிவந்ததை நோக்க, இம்மாற்றம் வியப்பளிக்கவில்லை.

ஊரெல்லாம் இவரிடம் விளக்கம் கேட்க வர, இவரைப் பெற்ற தாய்க்கு மட்டும் மகனின் விடையில் நிறைவு ஏற்படவில்லை. கதைசொல்லிப் போதகர் ஒருவரிடம்தான் கேட்பேன் என்பார். அபூஹனீபா தாயை உடன் அழைத்துச் செல்வார். போதகரோ மகனிடமே மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே அன்னைக்குச் சொல்வார். அன்னை நிறைவுடன் வீடு திரும்புவார்.

பதவியும் பிரம்படியும்

உமையா மரபின் இறுதிக் காலம் அது. ஈராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா, மக்கள் மதிக்கும் அறிஞர்களைத் தம் ஆட்சிப் பணியில் அமர்த்த விரும்பினார். அபூஹனீபாவுக்குக் காஜிப் பதவியை அளித்தார். அவர் மறுத்தார். நாளொன்றுக்குப் பத்து அடி வீதம் நூற்றுப்பத்துப் பிரம்படிகள் விழுந்தன என்று வரலாறு கூறுகிறது. அடியைவிடத் தாயின் துயரமே தம்மை வருத்தியது என்று அவர் பின்னர்க் கூறியதாகவும் செய்தி உண்டு. விடுதலை பெற்றபின் மக்காவுக்குச் சென்று தங்கினார்.

750ஆம் ஆண்டில் அப்பாசியர் ஆட்சி வந்தது. மன்னர் குடி மாறியதேயன்றி நிலைமை மாறவில்லை. கலீஃபா மன்சூர், 762இல் பாக்தாத் என்னும் புதிய தலைநகருக்குக் கால்கோள் இட்டவர், ஆற்றல் மிக்கவர், எதிர்ப்பைப் பொறாதவர். அவரை எதிர்த்து எழுந்த நபிகளாரின் வழித்தோன்றல்களிடம் அபூஹனீபா பரிவு காட்டியது அரண்மனைக்குத் தெரியும். காஜிப் பதவி மீண்டும் நீட்டப்பட்டது. ஏற்றால் இவர் நம்மவர், மறுத்தால் பகைவர். பதவி ஓர் அளவுகோலாக நீட்டப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

தாம் அப்பதவிக்குத் தகுதியற்றவர் என்றார் அபூஹனீபா. பொய் சொல்கிறீர் என்றார் கலீஃபா. அப்படியாயின் பொய்யனைக் காஜியாக்குவது எங்ஙனம் தகும் என்று திருப்பிக் கேட்டார் வணிகர். ஏற்கச் செய்வேன் என்று அரசர் ஆணையிட்டுச் சொல்ல, ஏற்கமாட்டேன் என்று இவரும் ஆணையிட்டார். அரசர் தம் ஆணையை எப்படியேனும் நிறைவேற்றியதாகக் காட்ட வேண்டி, புதுநகருக்கான செங்கற்களைக் கணக்கிடும் பணியை இவரிடம் சுமத்தினார் என்றும் ஒரு செய்தி உண்டு. ஒவ்வொன்றாக எண்ணாமல், அடுக்கிய கற்களை நாணற்கோலால் அளந்து அவர் கணக்கிட்டாராம். துணியை முழம்போட்ட கையல்லவா!

சிறையும் அடியும் தொடர்ந்தன. 767ஆம் ஆண்டு, பாக்தாதில் அவர் உயிர் நீத்தார். சிறையிலேயே இறந்தார் என்பர் சிலர். வெளிவந்த சில நாளில் என்பர் சிலர். கூட்டம் மிகுதியால் இறுதித் தொழுகை பலமுறை நடத்த வேண்டியதாயிற்று. மாபெரும் இமாம் என்று பொருள்படும் அவருடைய பட்டத்தால், அவர் அடக்கமான பகுதி இன்றும் அஃதமிய்யா என்று வழங்குகிறது.

மாணவர் ஏற்ற பதவி

ஆசிரியரின் முடிவுகளை எழுதி நிலைநிறுத்தியவர்கள் மாணவர்களே. அவர்களுள் முஹம்மது ஷைபானீ நூல்கள் பல இயற்றினார். மற்றொருவர் அந்த ஏழைச் சிறுவன் யாகூப். அபூயூசுப் என்னும் பெயரில் அவர் காஜியானார். கலீஃபா ஹாரூன் ரஷீது காலத்தில் தலைமைக் காஜியாக உயர்ந்தார். ஆசிரியர் உயிரைக் கொடுத்து மறுத்த பதவி அது! மாணவர் செய்தது பிழையா? அபூயூசுப் அமர்ந்ததால்தான் ஹனஃபி நெறி நீதிமன்றங்கள்தோறும் பரவியது. நிலவரி பற்றி ஹாரூனுக்கென அவர் எழுதிய நூல், குடிகளை வருத்தி வரி பெறலாகாது என்று அரசரிடமே எடுத்துரைத்தது. ஆசிரியரின் மறுப்பையும் மாணவரின் ஏற்பையும் ஒரே தட்டில் நிறுத்துப் பார்ப்பது எளிதன்று.

மாணவர் ஆசிரியரோடு மாறுபட்ட இடங்களையும் அந்நெறி மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது. மாலைநேர அஸர்த் தொழுகை எப்போது தொடங்கும்? நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் இருமடங்கானதும் என்றார் அபூஹனீபா. ஒரு மடங்கு போதும் என்றனர் அபூயூசுப்பும் ஷைபானீயும். அபூஹனீபா மறைந்த அதே ஆண்டில் காசாவில் பிறந்த இமாம் ஷாஃபிஈயும் ஒரு மடங்கு என்றே கொண்டார். தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி நெறியினர் மிகுதி. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ நெறியினர் மிகுதி. அதனால் அங்கு அஸர் அழைப்பு முந்தியும் இங்குச் சற்றுப் பிந்தியும் ஒலிப்பதைக் கேட்கலாம்.

அபூயூசுப் ஒருநாள் ஹாரூனுடன் உணவருந்த அமர்ந்திருந்தார். பணியாளர் ஒரு கிண்ணத்தை அவர்முன் வைத்தனர். இது நாள்தோறும் செய்யப்படுவதன்று, உண்ணுங்கள் என்றார் கலீஃபா. என்னவென்று கேட்டார் காஜி. பிஸ்தா எண்ணெய் சேர்த்த ஃபாலூதா என்று விடை வந்தது. அபூயூசுப் சிரித்துவிட்டார். காரணம் கேட்ட கலீஃபாவுக்குத் தம் தாயின் சண்டையையும் ஆசிரியரின் விடையையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.