குண்டு விழுந்த மண்டபத்தை மீண்டும் திறந்தவர்

இன்று ஸ்னூக்கர் ஆட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. 1927இல் முதலாவது உலக சம்பியனாக வந்த ஜோ டேவிசுக்குக் கிடைத்த பரிசு ஆறரைப் பவுண் மட்டுமே.

1901இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் பிறந்தவர் ஜோ. தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பின்னர் மதுச்சாலை நடத்தினார். அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில்தான் மகன் கோல் பிடிக்கப் பழகினார். வலக்கண் பார்வை குறைவு. அதனால் இடக்கண்ணுக்கு நேரே கோலை வைத்துக் குறிபார்த்தார். உலகப் பட்டத்தை 15 தடவை வென்றார். அந்தப் போட்டியில் ஒருமுறைகூட அவர் தோற்றதில்லை.

இந்த வெற்றிகளைவிட அவருடைய போர்க்காலமே என் மனதில் நிற்கிறது. 1940இல் இறுதியாட்டத்தில் தன் தம்பி பிரெட்டை 37க்கு 36 என்று வென்றார். அதன்பின் போர் முடியும்வரை உலகப் போட்டி நடக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இருந்த தேர்ஸ்டன் மண்டபம் ஜேர்மன் குண்டுவீச்சில் சேதமடைந்தது. ஸ்னூக்கரின் தாய்வீடு அது. ஜோ நாடக அரங்குகளுக்குப் போனார். பின்வரிசையில் இருப்பவருக்கும் பந்துகள் தெரியும்படி மேசைக்கு மேல் பெரிய கண்ணாடியைச் சாய்த்துக் கட்டி ஆடிக் காட்டினார். போர் நிவாரணத்துக்கும் பணம் சேர்த்துக் கொடுத்தார்.

1946இல் உலகப் பட்டத்தை மீண்டும் வென்று அந்தப் போட்டியிலிருந்து விலகினார். 1947இல் மண்டபம் லெஸ்டர் சதுக்க மண்டபம் என்ற பெயரில் திரும்பத் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்களில் ஜோவும் ஒருவர். 1949இல் அங்கே நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் பத்திரிகையின் அழைப்புச் சுற்றுப்போட்டி தொடங்கியது. அழைக்கப்பட்ட தொழில்முறை வீரர்கள் மட்டும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் மோதினர். வல்லவர் எளியவருக்கு ஆட்டம் தொடங்குமுன்பே சில புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஜோ எல்லோருக்கும் கொடுத்தார். கொடுத்தும் முதல் தடவை அவரே வென்றார்.

எமது ஊர்களிலும் போர் முடிந்தபின் பற்றை வெட்டி, கண்ணிவெடி அகற்றி, மைதானங்களை மீட்டார்கள். கூரையே இல்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்டவர்களையும் கண்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் மாலையில் பிள்ளைகளின் சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்துக் காணிக்காரர் சிலர் திரும்பி வந்தனர். இழந்த காலம் எவருக்கும் திரும்பவில்லை. ஜோவுக்கும் 39 வயது முதல் 44 வரையான ஆண்டுகள் போனவைதான்.

எனினும் 1955 ஜனவரி 22இல், 53ஆவது வயதில், அதே மண்டபத்தில் தொடர்ச்சியாக 147 புள்ளிகள் எடுத்தார். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதலாவது 147 அது. அந்த ஆண்டிலேயே மண்டபம் மூடப்பட்டது.

1978இல் ஷெபீல்ட் நகரில், 64 வயதுத் தம்பி பிரெட் உலக சம்பியன் அரையிறுதியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜோ சுகவீனமுற்றார். ஜூலை 10ஆம் திகதி காலமானார். அவர் முதன்முதலில் கையில் வாங்கிய அதே வெள்ளிக் கிண்ணந்தான் இன்றும் உலக சம்பியனுக்குக் கொடுக்கப்படுகிறது.